நலம் விசாரிப்பு

கஜபதி யாரையும் அடித்ததில்லை.
ஸ்டேஷன் ரைட்டர் அதைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார்.
அடித்தானா?
கையைப் பிடித்தானா?
கெட்ட வார்த்தை ஏதாவது?
இல்லை சார்.
பின்னே என்னதாம்மா செய்தான்?
நலம் விசாரித்தான் சார்.

பேனாவை மூடிவிட்டார்.

ஆம்பூரில், பைபாஸ் ஓரத்து ஷூ கம்பெனியில்
அப்பர் தைக்கும் மூன்றாவது லைன் எங்களுடையது.
பதினோரு மாதம் பி.எஃப். பிடித்தார்கள், கட்டவில்லை.
நாற்பத்தொரு பேர் கையெழுத்துப் போட்டோம்,
அதில் கைநாட்டு இரண்டு.
மனு வேலூர் போய்ச் சேருவதற்கு முன்பே
அதன் நகல் வட்டச் செயலாளர் மேஜையில்
கண்ணாடிக்கு அடியில் இருந்தது.
கஜபதி அங்கே உட்காருகிறவன்.
ஓட்டுக்கும் ஆள் பிடிப்பான், கம்பெனிக்கும் ஆள் பிடிப்பான்,
இரண்டுக்கும் ஒரே பட்டியல்.

மறுநாள் காலை தொடங்கியது அன்பு.

"இன்னா பூங்காவனம், பாப்பா இப்ப
செவப்பு வேன்லதான் போவுதா?
டிரைவர் கொஞ்சம் வேகம். சொல்லி வெச்சிருக்கேன்."

"ஷாஹிதாம்மா, மாதனூர்ல ஒங்க அண்ணன் லாரி நிக்குதே,
பேப்பர்லாம் கரெக்டா கீதா?"

எல்லம்மாவிடம் எதுவும் கேட்கவில்லை.
அவள் வீட்டு எதிரே டீக்கடையில்
இரண்டு பேர் மூன்று நாள் டீ குடித்தார்கள்.
காசு கொடுத்துத்தான் குடித்தார்கள்.

உள்ளே, நான் தைத்ததெல்லாம் ரிஜெக்ட் ஆயிற்று.
அதே நூல், அதே ஊசி, அதே கை.
"ஒன் நல்லதுக்குத்தான் சொல்றேன்" என்றார் சூப்பர்வைசர்.
எதைச் சொன்னார் என்று கடைசிவரை சொல்லவில்லை.

நாற்பத்தொன்று இருபத்தாறாயிற்று.
தேர்தல் தேதி வந்த வாரம் ஒன்பது.
போட்ட கையெழுத்தை எப்படி அழிப்பாய் என்று எல்லம்மாவைக் கேட்டேன்.
அது என் கையெழுத்தே இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டேன் என்றாள்.
அதன் அடியில் கையெழுத்துப் போட்டிருந்தாள்.

மகளின் பழைய கணக்கு நோட்டைத் திருப்பி
பின்பக்கத்திலிருந்து எழுத ஆரம்பித்தேன்.
தேதி. நேரம். இடம். கேட்டவர். கேட்டது.
வேறு யாராவது படித்தால்
எனக்கு எத்தனை சொந்தக்காரர்கள் என்று பொறாமைப்படுவார்கள்.

ஒரு வியாழன் சாயங்காலம்
பாலாற்றுப் பாலத்தில் என் பக்கமாக வண்டியை ஒதுக்கினான்.
கீழே தண்ணீர் இல்லை.
தோல் நாற்றம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.
"பாப்பாவுக்கு அரைப் பரீட்சை முடிஞ்சிதா?"

என் வாய் தானாகத் திறந்தது.
"முடிஞ்சிதுண்ணே.
அண்ணிக்கு டயாலிசிஸ் செவ்வாய் வெள்ளிதான?
காலைல ரயில்ல தனியாத்தான் போவறாங்களாமே."

அதே குரல். அதே இழுப்பு.
கடைசியில் அதே சிரிப்பு.

மேல் பொத்தானைத் தொட்டுப் பார்த்துக்கொண்டான்.
வண்டி ஸ்டார்ட் ஆக மூன்று உதை ஆயிற்று.

வெல்லம் தின்றது போலிருந்தது எனக்கு,
பாலம் முடிகிறவரை.
பிறகு அந்த அம்மாள் வந்துவிட்டாள்.
நான் ஒருநாளும் பார்த்திராதவள்.
ஜன்னலோரம், மடியில் தூக்குவாளி,
முழங்கைக்குள் ஊசித் தடம்.
ராத்திரி சோறு இறங்கவில்லை.

இரண்டு நாள் கஜபதி வரவில்லை.
மூன்றாம் நாள் வேறொரு பையன் வந்தான்,
மீசை இன்னும் சரியாக முளைக்காதவன்.
"சாப்ட்டீங்களாக்கா?"
அதையும் எழுதினேன்.

இன்று தொழிலாளர் ஆபீசில் நோட்டைக் கொடுக்க வேண்டும்.
ஒன்பது பேரில் ஐந்து பேர்தான் பஸ் ஏறினோம்.
ஷாஹிதா என் தோளில் தூங்குகிறாள்.
இருபத்திரண்டாவது வரியை அடித்துவிடலாமா என்று
பள்ளிகொண்டா வரை பேனாவைத் திறந்தபடியே வந்தேன்.
டோல்கேட்டில் பஸ் நின்றது.
மூடிவிட்டேன்.

வியாழன். ஆறேகால் மணி. பாலாற்றுப் பாலம்.
கேட்டவர்: பூங்காவனம்.
கேட்டது: நலம்.